பெண் வீட்டார் பார்க்க வந்த தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுத உட்காருவேன். இரண்டு வரி போவதற்குள் அந்த வீட்டுக்காரர்களின் முகம் ஞாபகத்துக்கு வரும். பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கேற்றப் போய்விடுவேன். நான் ஒன்பதாவதுக்கு மேல் படிக்காதவன். ரசீதையும் குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு அழைப்பையும் தவிர வேறு எதையும் கோர்வையாக எழுதிப் பழக்கமில்லை. போன தை மாதம் துணிந்து அந்த வீட்டுக்கே போய்க் கேட்டேன். "எழுதுங்க சாமி, நாலு பேருக்குப் பிரயோசனப்பட்டாச் சரி" என்று வீட்டம்மாவே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் தள்ளிப்போட்டால் அதற்குப் பெயர் அடக்கம் இல்லை, சோம்பேறித்தனம்.

வீடு முழுவதற்கும் ஃபில்டர் மாட்டும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! குழாய் ஒட்டுவதையும் பம்பு தேர்ந்தெடுப்பதையும் உங்களுக்குக் கம்பெனியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லி உங்கள் பொழுதை வீணாக்க மாட்டேன். எல்லாவற்றையும் சரியாக மாட்டிய பிறகும் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்பதுதான் இது.

நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பக்கெட்டில் வெள்ளை படியும், கீசர் வெடிக்கும், தலைமுடி கையோடு வரும். அதனால் ஃபில்டர் வாங்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். சம்பந்தி வீட்டில் எது இருக்கிறதோ அது வேண்டும். இல்லாவிட்டால் பார்வைக்கு எது பெரியதோ அது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, நமக்கு என்ன தேவை என்று கேட்கிற ஆள் வந்தால் அன்று சாயங்காலம் கோயிலில் கூடுதலாக ஒரு சூடம் ஏற்றுவேன். என் காலத்தில் சூடச் செலவு எனக்கு அதிகம் ஆனதில்லை.

வாங்கிய பிறகு பராமரிப்பது இன்னொரு கதை. "உங்க ஃபில்டர் கெட்டுப் போச்சுங்க" என்று கோபமாகப் போன் வரும். போய், ஃபில்டரைக் கழுவுவதற்கான உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே சிலந்தி குடும்பத்தோடு குடியிருக்கும். உப்பு போட்டு மாதக்கணக்கில் ஆகியிருக்கும். நீங்கள் அப்போது சிரித்துவிடாதீர்கள். உப்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டு, "இனிமேல் சரியாகிவிடும்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அங்கே போர் போடும் ரிக் வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவருடைய போர் வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஓடாத மாநிலம் இல்லை. எங்கேயோ இருக்கிற ஜனங்களுக்கெல்லாம் பூமியைத் துளைத்துத் தண்ணீர் காட்டியவர். ஆனால் சொந்த வீட்டில் போட்ட போர் கொஞ்சமாகத்தான் ஊறும். ஊறிய கொஞ்சத்திலும் சுண்ணாம்பு. கொஞ்ச நேரம் ஓடினால் காற்று வரும், நிறுத்தி வைத்து மறுபடி ஓட்ட வேண்டும்.

அவருக்கு ஒரே மகன். முப்பது தாண்டிவிட்டது. நம் பக்கம் பெண் கிடைப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாதகம் எடுத்து அலைந்து அலைந்து, கடைசியில் குமாரபாளையத்தில் ஒரு இடம் கூடி வந்தது. பெண்ணின் அத்தை அங்கே சைசிங் மில் நடத்துகிறார். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிற மில். பெண் அந்த மில்லிலேயே கணக்கு வழக்குப் பார்க்கிறது. பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. வீட்டைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. கிளம்பும்போது அந்தப் பெண் முகம் கழுவப் போயிருக்கிறது. சோப்பு நுரைக்கவே இல்லை. காரில் ஏறிய பிறகு அம்மாவிடம், "மத்ததெல்லாம் சரிம்மா, அந்தத் தண்ணியிலதான் எப்படிக் குடித்தனம் பண்றதுன்னு தெரியல" என்று சொன்னதாம். தரகர் வந்து பக்குவமாகச் சொன்னார்: "தண்ணிய மட்டும் சரி பண்ணிப்போடுங்க. இன்னொருக்கா வந்து பாத்துட்டு, அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்ங்கறாங்க."

இப்படித்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையைப் பார்க்க வந்து போனவர்கள், அடுத்த முறை தண்ணீரைப் பார்க்க வருகிறார்கள்.

நான் தண்ணீரைச் சோதித்தேன். சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் சிவப்பு நீலமாக மாற வேண்டும். விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். மருந்துதான் தீர்ந்தது, சிவப்பு போகவில்லை. ரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சிகப்பு மங்களகரம்தானுங்க?" என்றார்.

"இதுக்கு இல்லைங்கண்ணா" என்றேன்.

எந்த ஃபில்டர் என்பதில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு. அவருக்கு இருப்பதிலேயே பெரியது வேண்டும், அதுவும் கேட்டுக்கு நேராக, வருகிறவர் கண்ணில் படும்படி முன் வாசலில்.

"வெய்யில் பட்டா டேங்க் போயிரும்ங்கண்ணா. பின்னாடி நெழல்ல வெக்கலாம்."

"பின்னாடி வெச்சா யாருக்குத் தெரியும்?"

"தண்ணியத் திறந்தாத் தெரியும்ங்க."

"ஏனுங்க, என்ற ரிக் வண்டி கம்ப்ரசரைப் பாத்திருக்கறீங்களா? அதுல பாதியாச்சும் இருக்க வேண்டாமா இது?"

கடைசியில் நிழலுக்கு அவரைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, மனையடி சாஸ்திரம். முன் வாசலில் அந்த மூலையில் பாரம் வைக்கக் கூடாது என்று அவர் மனைவி சொன்னார்கள். அந்தம்மாவுக்கு நான் அன்று மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பிறகு அதை வாபஸ் வாங்க நினைத்த நேரமும் வந்தது.

நாங்கள் மாட்டியது சாஃப்ட்னர். புரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆளுயர டேங்குக்குள் ஜவ்வரிசி மாதிரி மணிகள் இருக்கும். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை அந்த மணிகள் பிடித்துக்கொள்ளும். வேலையைத் தொடங்கும் முன்பும், பிறகு அவ்வப்போதும், உப்புத் தண்ணீரை விட்டு அவற்றைக் கழுவ வேண்டும். கழுவிய பின் சாதாரணத் தண்ணீரை ஓட விட்டு, அந்த உப்பு முழுவதும் சாக்கடைக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேலே இருக்கிற கைப்பிடியைத் திருப்பி வீட்டுக்குத் தண்ணீர் விடலாம். இதில் கஷ்டமான வேலை ஒன்றுதான், காத்திருப்பது. அதற்குத்தான் நம் ஜனங்களில் ஆள் கிடையாது.

குழாய் வேலை எல்லாம் திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கழுவி முடித்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்கக் கூடாது என்றார்கள். நானும் அதை நம்புகிறவன்தான், மறு பேச்சுப் பேசவில்லை. அன்று முழுவதும் சும்மா இருந்தோம். புதன்கிழமை விடியற்காலையில் வந்து உப்புத் தண்ணீர் ஏற்றினேன். பெண் வீட்டார் வருவதும் அதே புதன்கிழமை.

உப்பு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தபோது நான் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியை முந்தின நாள்தான் கழுவிக் காய வைத்திருந்தார்கள். மிதவை சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே பூஜை மணிச் சத்தம் கேட்டது. 'ஆகா, காலை பூஜை நடக்கிறது' என்று இருந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் தொட்டிக்குள் தண்ணீர் தடதடவென்று விழுந்தது.

கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். கடல்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பின்னால் ஓடினால், டேங்குக்கு மல்லிகை மாலை. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழம் இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்திருக்கிறது. கைப்பிடி வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. மோட்டார் ஓடுகிறது. அந்தம்மா சூடத் தட்டோடு நின்றார்கள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஏழரைக்கு எமகண்டம் பொறக்குதுங்க சாமி. உங்களக் காணம். அதான் அதுக்கு முன்னாடியே நானே திருப்பி உட்டுட்டேன்."

தம்பிகளே, அந்த நேரத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நானும் எமகண்டத்தில் ஒரு ஆணி கூட அடிக்காதவன். அந்தம்மாவிடம் என்ன வாதம் பண்ணுவது? கைப்பிடியைத் திருப்பிக் கழிவுப் பக்கம் விட்டேன். அதற்குள், கழுவுவதற்காகக் கீழ்த் தொட்டியில் சேர்த்து வைத்திருந்த போர்த் தண்ணீரில் பெரும் பங்கு உப்போடு மேலே போய்விட்டது. மிச்சம் இருந்தது கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். அப்புறம் போர் ஊறினால்தான் கழுவ முடியும். ஊரெல்லாம் போர் போட்டவர் வீட்டு போர் அது.

விஷயத்தைச் சொன்னேன். ரிக்காரர் முதலில் நம்பவில்லை. அப்போது சமையலுக்கு வந்திருந்த அம்மா கரண்டியோடு பின் கதவில் வந்து நின்றார்.

"ஏனுங்க, பருப்புக்கு நான் இன்னும் உப்பே போடுல. ஆனாக் கரிக்குது. யாரு போட்டது?"

ரிக்காரர் அந்தக் கரண்டியை வாங்கி நக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

"அவிய ஒம்போதுக்குக் கெளம்பீருவாங்க. பத்துக்கு இங்க இருப்பாங்க" என்றார். "இந்த எடமும் போச்சுன்னா என்ற மகனுக்கு அடுத்த எடம் எப்ப வாரது?"

நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். நல்லதாக ஏதாவது கேட்டிருக்கலாம். 'முருகா, அவர்கள் காருக்கு ஒரு பஞ்சர் கொடு' என்றுதான் கேட்கத் தோன்றியது. முருகன் பெரியவர், அந்த வேண்டுதலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரிக்காரர் போனை எடுத்தார். "பள்ளிபாளையத்துல நமக்கு வேண்டிய லாரி இருக்குது. காவேரித் தண்ணி ஒரு லோடு கொண்டாறச் சொல்றேன். மேல் தொட்டியக் காலி பண்ணிப்போட்டு அதை ஏத்தீருங்க. ஃபில்டர் தண்ணின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. முடிஞ்சுது."

"லாரி வரட்டும்ங்கண்ணா" என்றேன். "கீழ்த் தொட்டியில ஊத்தட்டும், கழுவறதுக்கு ஆகும். ஆனா யாராச்சும் கேட்டா, லாரித் தண்ணி வந்துதுன்னு சொல்லிப்போடணும்."

"சொல்லிப்போட்டா அப்பறம் லாரி எதுக்குங்க?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அவர் சொன்னபடி செய்ய மாட்டேன் என்றேன். பக்தியால் மறுத்தேன் என்று இந்த இடத்தில் எழுத எனக்கு ஆசைதான். உண்மையில் பாதி பயம். பெண்ணின் அத்தை மில்லில் பாய்லர் இருக்கிறது. பாய்லர் இருந்தால் சாஃப்ட்னர் இருக்கும். சாஃப்ட்னர் தண்ணீர் எப்படி இருக்கும், ஆற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அந்த அத்தைக்கு நன்றாகவே தெரியும். பொய் சொல்லலாகாது என்பது ஒரு பக்கம், இந்தப் பொய் பத்து நிமிடம் கூடத் தாங்காது என்பது இன்னொரு பக்கம். எது முதலில் என் மனதுக்கு வந்தது என்று சாமிக்குத்தான் தெரியும்.

"கல்யாணம் நின்னுதுன்னா இந்த டேங்கத் தூக்கி ரோட்டுல எறிஞ்சுருவேன் பாத்துக்குங்க" என்றார்.

அது வரைக்கும் கதவோரம் நின்றிருந்த மகன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "லாரி வேண்டாம்ப்பா. பொய் சொல்லிக் கூட்டியாந்தா, தெனமும் லாரி உடுவீங்களா?"

ரிக்காரர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கழுவுவதற்கென்று மட்டும் லாரியைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

கீழ்த் தொட்டி காலியாகிவிட்டது. போர் மோட்டாரைப் போட்டேன். கொஞ்சம் ஓடியது. காற்று வந்தது. நிறுத்தினேன். ஊறட்டும் என்று உட்கார்ந்தேன். மறுபடி போட்டேன். பெண் வீட்டார் சங்ககிரியைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. கழிவுக் குழாயில் வருவதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் என்று சொல்ல முடியாது, ஆனால் கடற்கரையை விட்டு இன்னும் நகரவில்லை.

கார் வந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, அத்தை, பெண். வாங்க வாங்க என்று கூடத்தில் நாற்காலி காட்டினார்கள். அத்தை உட்காரவில்லை. கையில் ஒரு தோல் பை வைத்திருந்தார்.

"மிசினு எங்கீங்க?"

"காப்பி சாப்புட்டுட்டு…" என்று ரிக்காரர் இழுத்தார்.

"காப்பி எங்கீங்க போகுது? மிசினப் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் நடந்து வந்துவிட்டார். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். கழிவுத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், மாலை போட்ட டேங்குக்குப் பக்கத்தில், முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன். ஒரு கும்பிடு போட்டேன். வேறு என்ன செய்வது?

அத்தை மாலையைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், கடைசியில் கைப்பிடியைப் பார்த்தார்.

"ரின்ஸ் ஓடுதுங்களா?"

"ஆமாங்க."

குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார். "இன்னும் உப்பு போகலையே. அப்ப ஊட்டுக் குழாயில என்ன வருது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழியை என் மேல் போடுவது ரொம்பச் சுலபம். ரிக்காரர் வாயைத் திறந்ததையும் நான் பார்த்தேன். அதற்குள் அந்தம்மா முன்னால் வந்துவிட்டார்கள்.

"நான்தானுங்க திருப்பி உட்டுட்டேன். இவரு மாடியில இருந்தாரு. எமகண்டம் பொறந்துரும்னு அவசரப்பட்டுட்டேன். ஊட்டுக் குழாய் பூராவும் இப்ப உப்புத் தண்ணிதான். இவரு மேல தப்பு இல்லீங்க."

கழிவுக் குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதற்கும் காற்று வந்து, இருமிவிட்டு நின்றது.

"போரும் நின்னு போச்சுங்களா?" என்றார் அத்தை.

"ஊறணும்ங்க" என்றேன்.

அத்தை ரிக்காரர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாமா, ஊருக்கெல்லாம் போர் போடறீங்க. உங்க போரு ஏன் இப்படி?"

"வண்டி நம்முளுதுங்க. தண்ணி ஆண்டவனுது" என்றார் ரிக்காரர். அன்று அவர் சொன்னதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். பெண்ணின் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, இருந்து பாத்துட்டே போலாம்" என்றார் அத்தை. கூடத்து நாற்காலிகள் பின்னால் வந்தன. கேன் தண்ணீரில் போட்ட காப்பியும் அங்கேயே வந்தது. நான் எத்தனையோ பெண் பார்க்கும் சடங்குகளைப் பார்த்திருக்கிறேன். சாக்கடையைச் சுற்றி உட்கார்ந்து நடந்த சடங்கு அது ஒன்றுதான்.

மோட்டார் ஓடும்போதெல்லாம் மாப்பிள்ளை ஒரு டம்ளரில் பிடித்து வாயில் வைத்துப் பார்ப்பார். அந்தப் பெண்ணும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.

"கரிக்குதுங்களா?" என்று கேட்டது.

"கரிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"இன்னும் கரிக்குது. நீங்க வேணும்னாப் பாருங்க."

பெண் வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தது. "நீங்க இத்தன நேரம் இதையா குடிச்சுட்டு இருந்தீங்க?"

"துப்புனா நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு முழுங்கீட்டேன்."

அவர்கள் இரண்டு பேரும் அன்று பேசியது கிட்டத்தட்ட இவ்வளவுதான். உப்பைத் தவிர வேறு விஷயம் இல்லை. பெரியவர்கள் நாங்கள் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். தண்ணீர் சரியானால்தான் தட்டு என்று பேச்சு. ஆகவே எல்லோரும் ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் இன்னொரு கண்ணைக் கழிவுக் குழாயிலும் வைத்திருந்தோம். பழம், வெற்றிலை, புடவை எல்லாம் கூடத்தில் தயாராக இருந்தன.

பன்னிரண்டு நெருங்கியது. நான் ருசி பார்த்தேன். பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் நாக்கின் ஓரத்தில் இன்னும் இருந்தது. ரிக்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஆச்சுன்னு சொல்லுங்க. காலுல உழறேன், சொல்லுங்க."

அந்தம்மா எதிரில் நின்றார்கள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தார்கள், மறுபடி அந்தக் கைப்பிடி மேல் போய்விடுமோ என்று பயந்தவர்கள் மாதிரி. கைப்பிடி மேல் இருந்தது என் கைதான். திருப்பினால் போதும். லேசான உப்பு, யார் கண்டுபிடிப்பார்கள்? கண்டுபிடித்தாலும் அதற்குள் தட்டு மாறியிருக்கும். நல்ல நேரத்துக்காகத்தானே கேட்கிறார்கள், கெட்டதுக்காகவா? தம்பிகளே, நம் தொழிலில் தப்பு செய்யச் சொல்லி வருகிறவர்கள் கெட்டவர்களாக வந்தால் மறுப்பது சுலபம். சூடத் தட்டோடும் கண்ணீரோடும் வருகிறார்கள். அதுதான் சங்கடம்.

"இன்னும் ஆகலீங்க" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

ரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

பெண்ணின் அப்பா எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு, "சரிங்க. தண்ணியெல்லாம் சரியாகட்டும். இன்னொரு நாள் பாத்துக்கலாம், நாங்க வாரோம்" என்றார். நல்ல மனிதர், வருத்தப்படாமல்தான் சொன்னார். ஆனால் இன்னொரு நாள் என்றால் என்ன என்று மாப்பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகன் டம்ளரைக் கீழே வைத்தார்.

அப்போது பெண்ணின் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "ஏனுங்க, ராகு காலத்துல எங்கீங்க கெளம்பறது?"

பெண்ணின் அப்பா நின்றார். யோசித்தார். உட்கார்ந்தார்.

நான் அதை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன், கும்பிடவும் செய்வேன். எமகண்டத்துக்குப் பயந்துதான் தண்ணீர் கெட்டது. ராகு காலத்துக்குப் பயந்துதான் கல்யாணம் எழுந்து போகாமல் உட்கார்ந்தது. ஒன்றரை மணி வரை அந்தக் குடும்பம் அந்த வீட்டை விட்டு நகர முடியாது. சாமி கும்பிடுகிற ஜனங்களைச் சாமி எந்த வழியில் காப்பாற்றும் என்று ஃபில்டர்காரனுக்கு எப்படித் தெரியும்?

"அப்பச் சாப்புட்டுறலாம்" என்றார் அத்தை. இலை போட்டார்கள். சமையல் அம்மா அந்தப் பருப்பைக் கொட்டவில்லை. கேன் தண்ணீரை ஊற்றி, இன்னும் பருப்பு சேர்த்து, காயைக் கூட்டி எப்படியோ சரிக்கட்டியிருந்தார். "சாம்பார் நல்லாருக்குதுங்க" என்று பெண்ணின் அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சமையல் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே பரிமாறினார்.

அவர்கள் சாப்பிட்ட நேரத்தில் போர் நன்றாக ஊறியிருந்தது. நான் சாப்பிடப் போகவில்லை. ஓட விட்டேன், நிறுத்தினேன், மறுபடி ஓட விட்டேன். மேல் தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்தேன். ஒரு கட்டத்தில் நாக்கில் வைத்தேன், ஒன்றுமில்லை. சந்தேகப்பட்டு வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி வைத்தேன். ஒன்றுமே இல்லை. அப்போதுதான் கைப்பிடியைத் திருப்பினேன். திருப்பும்போது மணி என்ன, என்ன நேரம் என்று நான் பார்க்கவில்லை. ராகு காலமாகத்தான் இருந்திருக்கும். சாமி மன்னிக்கட்டும்.

மேலே ஓரளவு ஏறிய பிறகு அத்தையைக் கூப்பிட்டேன். தோல் பையைத் திறந்தார். உள்ளே நான் வைத்திருக்கிற அதே சோதனைக் குப்பி. மில்லிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். தண்ணீர் பிடித்து ஒரு சொட்டு விட்டார். நீலம்.

பெண் போய் முகம் கழுவியது. ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு ஈர முகத்தோடு எட்டிப் பார்த்து, "அத்தை, சோப்புப் போகவே மாட்டீங்குது, வழுக்குது" என்றது.

ரிக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இது வேற என்னடா புதுசா?"

"நல்ல தண்ணி அப்படித்தானுங்க மாமா இருக்கும்" என்று அத்தை சிரித்தார். ஒன்றரை தாண்டியதும் தட்டு மாற்றினார்கள். நான் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த வருடம் சர்வீஸுக்குப் போனபோது அந்தப் பெண்தான் உப்புத் தொட்டியைத் திறந்து காட்டியது. நிறைய உப்பு, சிலந்தி இல்லை. எனக்கு ஒரு பெருமை. நான் அன்று 'ஆகலீங்க' என்று சொன்ன ஒரு வார்த்தையில்தான் இந்தக் குடும்பம் நிற்கிறது என்று என் வீட்டில் பல தடவை சொல்லியிருந்தேன். அதைக் காதால் கேட்க ஆசைப்பட்டு, "அன்னிக்கு நான் அவசரப்பட்டுத் திருப்பியிருந்தா என்ன ஆயிருக்கும் அம்மிணி?" என்று கேட்டேன்.

"என்னங்க ஆயிருக்கும்? கொஞ்சம் உப்பாயிருந்திருக்கும்" என்றது. "நான் அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டனுங்க. அத்தன பேரு முன்னாடி எங்க மாமியா 'நான்தான் திருப்பி உட்டேன், அவரு மேல தப்பு இல்ல'ன்னு சொன்னாங்கல்ல? எங்க ஊட்டுலயும் சரி, மில்லுலயும் சரி, தப்ப யாரும் தன் மேல போட்டுக்கிட்டு நான் பாத்ததே இல்லீங்க. இந்த ஊட்டுக்கே வந்தரலாம்னு அப்பவே நெனச்சேன். தண்ணிய என்னிக்கு வேணாச் சரி பண்ணிக்கலாம்."

நான் வால்வுக்கு எண்ணெய் போட்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கதை நம் தொழில் வட்டாரத்தில் ஏற்கெனவே வேறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபில்டர்காரன் கைப்பிடியைத் திருப்பிவிட்டான் என்று சிலர் சொல்கிறார்கள். பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள், ஃபில்டர்காரன் ஓடிப் போய்க் காரை மறித்தான் என்று சிலர். அந்தம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று கேலி செய்கிறவர்களும் உண்டு. அதனால்தான் எழுதினேன். நீங்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லும்போது எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்னைப் பெரிய ஆளாக்காதீர்கள். இடம் போதாமல் எதையாவது விட வேண்டி வந்தால் என்னை விட்டுவிடுங்கள். "நான்தானுங்க திருப்பி உட்டுட்டேன், இவரு மேல தப்பு இல்லீங்க" என்று அந்தம்மா சொன்னதை மட்டும் அப்படியே சொல்லுங்கள்.